நத்தார் விடுமுறையில் வயதான அம்மாவையும் பிள்ளைகளையும் வான் வண்டியில் கூட்டிக்கொண்டு வன்னியைச் சுற்றிவரலாமா?

கேட்டிருப்பவர் தன் அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது, சீனி வருத்தமும் முழங்கால் நோவும் உண்டு, மூன்று நாள் வான் பயணத்தைத் தாங்குவாரா என்று எழுதியிருக்கிறார். எனக்கு இப்போது அறுபத்தேழு. எனக்கும் அதே இரண்டு வருத்தங்கள்தான். 2023 நத்தாருக்கு மறுநாள் மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் இருவரோடு நான் வன்னியைச் சுற்றிவந்தேன். ஆகவே அந்த அம்மாவின் பக்கத்திலிருந்து சொல்கிறேன்: தாங்குவார், கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் எங்கே நிற்க வேண்டும் என்பதைப் புறப்பட முதலே அவரிடம் கேளுங்கள். எங்கள் பயணத்தைச் சொன்னால் ஏன் என்று விளங்கும்.

என் ஊர் மன்னார் மாவட்டத்தில், விடத்தல்தீவுக்குக் கிட்ட. மகள் கலியாணம் முடித்து வத்தளையில் இருக்கிறாள். மருமகன் பிறந்து வளர்ந்தது எல்லாம் கொழும்புப் பக்கம்தான், வன்னிக்குள் அவர் போனதே இல்லை. நத்தார் இரவுப் பூசை முடிந்து வந்து கேக்கும் தேத்தண்ணியுமாக விறாந்தையில் இருந்தபோது, அவர் போனில் வரைபடத்தை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"மாமி, இப்பிடிப் போய் இப்பிடி வரலாம்."

அவருடைய விரல் விடத்தல்தீவில் தொடங்கி இலுப்பைக்கடவை, வெள்ளாங்குளம், முழங்காவில், அக்கராயன், முறிகண்டி, கிளிநொச்சி என்று போனது. பரந்தனில் கிழக்கே திரும்பி தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், முல்லைத்தீவு. திரும்பி வர ஒட்டுசுட்டான், மாங்குளம், வவுனியா, செட்டிகுளம், மடு.

மகள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். மருமகன் தெரியாமல் கீறிய கோடு, கடைசிப் போரின்போது 2008 ஆடியிலிருந்து 2009 வைகாசி வரை உழவு இயந்திரத்திலும் சைக்கிளிலும் கால்நடையாகவும் நாங்கள் போன அதே கோடு. கடைசியில் போய் அடைபட்ட மெனிக் பாம் முகாமும் செட்டிகுளத்தில்தான் இருந்தது. நாங்கள் பத்து மாதம் அலைந்த பாதைக்கு அவருடைய போன் சில மணித்தியாலங்களைக் காட்டியது. நாங்கள் இடம்பெயர்ந்த கதை அவருக்குத் தெரியும். எந்த வழியால் என்று நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. மகள் மெல்லச் சொன்னதும் அவருக்கு முகம் மாறிவிட்டது. "வேற பாதை பாப்பமா மாமி?" என்றார். நான் வேண்டாம் என்றேன். இதாலயே போவம், ஆனால் தருமபுரத்தில் ஒரு வீட்டில் நிற்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

அன்று பின்னேரம் நானும் மகளும் அவித்த கோதுமை மாவில் கொழுக்கட்டை பிடித்தோம். எங்கள் வீட்டில் நத்தாருக்குக் கேக்கோடு கொழுக்கட்டையும் இருக்கும். பேரப்பிள்ளைகள் அதை எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

விடிய ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். முன் ஆசனத்தை எனக்குத் தந்தார்கள். இது பெரிய விஷயம். பின்னால் இருந்தால் முழங்கால் மடிந்தபடியே கிடந்து விறைத்துவிடும், முன்னால் காலை நீட்டலாம். காலுக்குக் கீழே ஒரு தலையணையும் வைத்துவிட்டாள் மகள். மணித்தியாலத்துக்கு ஒருதரம் நிறுத்தி, ஐந்து நிமிடம் நடக்கவிட்டார்கள். மலசலகூடம் பற்றி வாய்விட்டுக் கேட்க வயதானவர்களுக்குக் கூச்சம் இருக்கும், அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் வருவார்கள். சீனி வருத்தக்காரருக்கு அது கூடாது. நீங்களாகவே நிறுத்தி, "அம்மா, வாங்கோ இறங்குவம்" என்று சொல்லுங்கள். குளிசைப் பையை அவர் மடியில் கொடுங்கள், பின்னால் பெட்டிக்குள் வைக்காதீர்கள். இரவில் ஓடாதீர்கள். மார்கழியில் வயல் எல்லாம் காலபோக நெல் நிற்பதால் மாடுகளுக்கு மேயவும் படுக்கவும் இடம் இல்லை. மழை ஈரத்துக்கு அவை தார் வீதியில்தான் வந்து படுக்கும். கறுப்பு மாடு ஒன்று இருட்டில் கிடந்தால் கிட்டப் போகும்வரை தெரியாது.

விடிந்துவர வெள்ளாங்குளத்துக்குக் கிட்ட வந்துவிட்டோம். கடல் பக்கமாகக் கையைக் காட்டி, அங்கேதான் தேவன்பிட்டி என்று பேரனுக்குச் சொன்னேன். 2008 ஏப்ரலில் மடுவைச் சுற்றிச் சண்டை நெருங்கியபோது, மடு மாதாவின் திருச்சொரூபத்தை அங்கேதான் கொண்டுபோய் வைத்தார்கள். ஆகஸ்டில்தான் மாதா மடுவுக்குத் திரும்பினார். ஒல்லாந்தர் காலத்திலும் அப்படித்தான், 1670 இல் மாந்தையிலிருந்து காட்டுக்குள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்பது எங்கள் மூதாதையர் சொல்லிவந்த வரலாறு. பேரனுக்கு ஒன்பது வயது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப மாதாவும் உங்களோட இடம்பெயர்ந்தவவா, அம்மம்மா?" என்றான். "ஓம் ராசா, எங்களுக்கு முதலே" என்றேன். அதற்குப் பிறகுதான் அவன் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினான். அதுவரை போனில் விளையாடிக்கொண்டு வந்த பிள்ளை.

முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தச் சொன்னேன். ஏ9 வீதியில் எந்தச் சமயத்தவருடைய வாகனமும் அங்கே நிற்காமல் போகாது. என்னவர் உழவு இயந்திரம் ஓடிய காலத்தில், கழுத்தில் செபமாலை போட்டபடியே இறங்கிப்போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வருவார். மருமகன் சுடச்சுடக் கச்சான் வாங்கிவந்தார். தோலை வானுக்குள் போடவேண்டாம் என்று மகள் பிள்ளைகளைப் பேசிக்கொண்டே வந்தாள்.

பரந்தனில் திரும்பியதும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்த வீடு இருக்குமோ, அதில் அவர் இருப்பாரோ.

தருமபுரத்தில் நாங்கள் 2008 ஐப்பசியிலிருந்து 2009 பொங்கலுக்குச் சற்று முதல் வரை இருந்தோம். ஒரு அக்கா தன் வளவின் மூலையில் தறப்பாள் கட்ட இடம் தந்தார். 1977 கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். எங்களைப் போல இன்னும் மூன்று குடும்பங்களுக்கும் இடம் கொடுத்திருந்தார். காசு ஒரு சதமும் வாங்கவில்லை. கார்த்திகைக் கடைசியில் வந்த புயல் மழையில் பங்கருக்குள் வெள்ளம், தறப்பாளுக்குள்ளும் வெள்ளம். அக்கா எங்கள் பிள்ளைகளைத் தன் வீட்டுக்குள் கூப்பிட்டுப் படுக்க வைத்தார். அவருடைய பிள்ளைகள் திண்ணையில் படுத்தார்கள்.

அந்த நத்தாருக்கு எங்களிடம் ஒன்றும் இல்லை. என்னவர் புற்றுமண்ணைக் குழைத்து, கட்டைவிரல் அளவில் ஒரு பாலன் யேசு செய்தார். அடுப்புக் கரையில் காயவைத்ததில் ஒரு கை வெடித்துப்போனது. தேங்காய்ச் சிரட்டைக்குள் வைக்கோல் போட்டுக் கிடத்தினோம். அதுதான் குடில். பின்னேரம் அக்கா ஒரு மூடிய சட்டியோடு வந்தார். நிவாரண மாவை அவித்து, தன் மரத்துத் தேங்காயைத் துருவி, எங்கேயோ ஒளித்து வைத்திருந்த சர்க்கரையைப் போட்டுக் கொழுக்கட்டை அவித்திருந்தார். "ஒங்க சாமிக்குப் பொறந்தநாள்னு புள்ளைங்க சொல்லிச்சுங்க" என்றார். ஒரு சின்ன விளக்கையும் கொண்டுவந்து சிரட்டைக்கு முன்னால் ஏற்றிவைத்துக் கும்பிட்டார். சட்டிக்குள் பதினெட்டுக் கொழுக்கட்டைகள். எண்ணியது எனக்கு நினைவிருக்கிறது, ஏனென்றால் அந்த வளவில் அன்று பதினெட்டுப் பேர் இருந்தோம்.

தை மாதம் எல்லோரும் எழும்பி ஓடினோம். உடையார்கட்டில் அக்கா குடும்பத்தைத் தவறவிட்டோம். அவர் உயிரோடு ஊருக்குத் திரும்பிவிட்டார் என்று 2012 இல் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன். போய்ப் பார்த்திருக்கலாம். என்னவருக்கு வருத்தம் வந்தது, பிறகு அவரும் போனார். வெறுங்கையோடு போகக்கூடாது, கொஞ்சம் காசு சேரட்டும் என்று நினைத்து நினைத்தே வருடங்கள் போய்விட்டன. இது என் நெஞ்சில் கிடந்த பாரம். மகளிடம்கூட நான் வாய்திறந்து சொன்னதில்லை.

கிணற்றைக் கண்டுதான் வளவை அடையாளம் பிடித்தேன். வீடு இப்போது கல்வீடு. ஒரு பெண் பிள்ளை முற்றம் கூட்டிக்கொண்டு நின்றது. அக்கா உள்ளேயிருந்து சுவரைப் பிடித்தபடி வந்தார். கண் பார்வை குறைந்துவிட்டது. என் பேரைச் சொன்னேன், பிடிபடவில்லை. ஊரைச் சொன்னேன், அதற்கும் இல்லை. மகள் முன்னால் போய், "மாமி, நான் உங்கட கிணத்துக்குள்ள வாளியை விட்ட ஆள்" என்றாள். அக்கா கையை நீட்டி அவள் முகத்தைத் தடவினார். பதினேழு வயதில் பார்த்த பிள்ளை.

"நெட்டக்காலி! வா புள்ள, வா வா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்ப ஒங்காத்தா எங்க?" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே திண்ணையில் இருந்துவிட்டேன்.

கொழுக்கட்டைச் சட்டியைத் திறந்து வைத்தேன். அக்கா ஒன்றை எடுத்து, பிட்டு, உள்ளே இருந்த தேங்காய்ப்பூவை விரலால் தொட்டுப் பார்த்தார். வாயில் வைத்துவிட்டு, "சர்க்கர தூக்கல். அன்னிக்கு எங்கிட்ட இவ்வளவு இல்ல" என்றார். பேரன் எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். பேத்திக்கு ஐந்து வயது, அது கோழிக்குஞ்சுகளுக்குப் பின்னால் ஓடிவிட்டது.

9.25க்கு உள்ளே வானொலியில் சுனாமி நினைவுக்கான இரண்டு நிமிட மௌனத்தை அறிவித்தார்கள். டிசம்பர் 26 அல்லவா. முற்றத்தில் எல்லோரும் எழுந்து நின்றோம். அக்காவின் பேத்தி விளக்குமாற்றை மெல்லக் கீழே வைத்தாள். அந்த இரண்டு நிமிடத்தில் நான் சுனாமியில் போனவர்களை நினைத்தேன், என்னவரை நினைத்தேன், மாத்தளனில் போன அக்காவின் மனிசனையும் நினைத்தேன். அவர்தான் எங்கள் தறப்பாளுக்குக் கம்பு வெட்டித் தந்தவர்.

அரை மணித்தியாலம் என்று இறங்கிய இடத்தில் மத்தியானச் சாப்பாடும் சாப்பிட்டுத்தான் எழும்பினோம். மருமகன் ஒருதரம்கூட மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. கிணற்றில் வாளி போட்டுத் தண்ணீர் அள்ளப் பேரனுக்குப் பழக்கிக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பார்க்க என்று அவர் போனில் குறித்து வைத்திருந்த இரண்டு இடங்களை விட்டுவிட்டோம். அதற்காக அந்தப் பிள்ளைக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முள்ளிவாய்க்காலைக் கடக்கும்போது மகள் பின்னால் இருந்து என் தோளில் கை வைத்தாள், நாங்கள் ஒன்றும் பேசவில்லை. வட்டுவாகல் பாலம் அப்போது ஒடுக்கமாக இருந்தது, எதிரே வாகனம் வந்தால் காத்திருக்க வேண்டியிருந்தது. 2009 வைகாசியில் அதால்தான் சனத்தோடு சனமாக வெளியே வந்தோம். அங்கே இறங்க வேண்டுமா என்று மருமகன் கேட்டார். வேண்டாம் என்றேன். உங்கள் அம்மாவும் சில இடங்களில் வேண்டாம் என்று சொல்லக்கூடும். அப்போது ஏன் என்று கேட்காதீர்கள், வானை மெல்ல ஓட்டிக்கொண்டு போய்விடுங்கள். முல்லைத்தீவில் சொந்தக்காரர் வீட்டில் இரவு தங்கினோம். பின்னேரம் கடற்கரைக்குப் போனபோது, 2004 இல் போனவர்களுக்காகச் சனம் ஏற்றிய மெழுகுதிரிகள் காற்றுக்கு அணைய அணைய, திரும்பத் திரும்பக் கொளுத்திக்கொண்டு நின்றார்கள்.

அடுத்த நாள் எனக்கு முழங்கால் வீங்கிவிட்டது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வெந்நீர் ஒத்தடம் பிடித்து, ஒரு நாள் முழுவதும் அந்த வீட்டிலேயே ஆறுதலாக இருந்துவிட்டு மூன்றாம் நாள்தான் புறப்பட்டோம். ஆகவே உங்கள் திட்டத்தில் ஒரு நாளைச் சும்மா விட்டுவையுங்கள்.

திரும்பும்போது மடுவில் இறங்கினோம். பெருநாள் காலச் சனம் இல்லை, மரங்களுக்குக் கீழே குரங்குகளும் நாலைந்து குடும்பங்களும்தான். பேரன் இரண்டு மெழுகுதிரி கேட்டான். ஒன்று அம்மப்பாவுக்கு, மற்றது அந்தக் கொழுக்கட்டை அம்மாவின் கண்ணுக்கு என்றான்.

இப்போது மாதத்தில் ஒருதரமாவது அக்காவோடு போனில் கதைக்கிறேன். அவருக்கு மடுவைப் பார்க்க ஆசையாம், இவ்வளவு காலமும் வன்னியில் இருந்தும் ஒருதரம்கூடப் போகவில்லையாம். கண் சத்திரசிகிச்சை முடியட்டும், நானே வந்து ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று மருமகன் சொல்லியிருக்கிறார். முன் ஆசனம் அவருக்கு. நான் பின்னால் பிள்ளைகளோடு இருந்துகொள்வேன்.