சிகிச்சையில் இருப்பவர் மறுபடி திருடினால்

அன்புள்ள ஐயா,

என் தம்பிக்கு 26 வயது. ஹெராயின் ஊசி போட்டுக்கொண்டிருந்தவன். மூன்று மாதமாகப் போதை சிகிச்சை மையத்துக்குப் போய், ஹெராயினுக்கு மாற்றாக நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின் மாத்திரை எடுக்கிறான், தினமும் 4 மில்லிகிராம். போன வாரம் பக்கத்து வீட்டு செல்போனைத் திருடி மாட்டிக்கொண்டான். “மாத்திரையும் போதைதானே, நிறுத்திவிடு” என்கிறார் அப்பா. சிகிச்சை வீண்தானா?

ம.

அன்புள்ள ம.,

மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று அப்பாவிடம் இன்றே சொல்லுங்கள். நிறுத்தினால் பலரும் பழைய ஊசிக்கே திரும்பிவிடுகிறார்கள். அதற்குள் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். முன்பு போட்ட அதே அளவு உயிரைப் பறித்துவிடும்.

தம்பியிடம் அதட்டாமல் ஒன்று கேளுங்கள்: மாத்திரை எடுத்தபின் எத்தனை மணிக்கு உடம்பு முறிக்க ஆரம்பிக்கிறது? சாயங்காலமே கொட்டாவி, மூக்கொழுகல், கால் குடைச்சல், வியர்வை வந்தால் டோஸ் பற்றவில்லை; அந்த அவஸ்தையில் ஹெராயினுக்குப் பணம் தேடித் திருடியிருக்கலாம். பலருக்கு 8 முதல் 16 மில்லிகிராம் வரை தேவைப்படும். நான்கைந்து நாள் நேரத்தைக் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். அளவை அவர்தான் கூட்ட வேண்டும். மாத்திரையை விழுங்கிவிட்டால் பலன் மிகக் குறைவு. ஐந்து முதல் பத்து நிமிடம், தண்ணீர் குடிக்காமல், நாக்கடியிலேயே கரைய வேண்டும். செவிலியர் அதைப் பொடித்துக் கொடுத்துக் கூடவே நிற்பது இதற்காகவும், வாயில் ஒளித்து வெளியே விற்றுவிடாமல் இருக்கவும்தான்.

டோஸ் சரியாக இருந்தும் திருடினான் என்றால் வேறு இரண்டைப் பாருங்கள். ஒன்று, தூக்க மாத்திரை அல்லது குடி. அந்த ஏக்கத்தைப் புப்ரெனார்ஃபின் தணிக்காது. சேர்த்து எடுத்தால் மூச்சே நின்றுபோகலாம். மற்றொன்று, ஹெராயின் விற்றவனிடம் வைத்த பழைய கடன். குடும்பங்கள் இதைக் கேட்பதே இல்லை.

இங்கிலாந்தில் 1995-இல் போதை சிகிச்சைக்கு வந்த 1,075 பேரைப் பின்தொடர்ந்தார்கள். சேர்வதற்கு முந்தைய மூன்று மாதங்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பணத்துக்காக எந்தக் குற்றமும் செய்திருக்கவில்லை. நடந்த குற்றங்களில் முக்கால் பங்கு பத்தில் ஒருவர் செய்தது. ஓராண்டு கழித்துக் குற்றங்கள் மூன்றில் ஒரு பங்காக இறங்கின, அறவே நின்றுவிடவில்லை. மூன்றாம் மாதத்தில் ஒரு திருட்டை வைத்துச் சிகிச்சையைக் கைவிடுவது அநியாயம்.

வழக்கு விஷயம். போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, தானே முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெறுபவரைக் காப்பது போதைப்பொருள் பயன்படுத்தியதற்கும் சிறிய அளவில் வைத்திருந்ததற்கும் மட்டுமே. திருட்டுக்கு அது பொருந்தாது. ஆனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவுப்படி, முதல் தடவை தண்டிக்கப்படுபவர் 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் தண்டனை சமூக சேவைதான். போனை உடனே ஒப்படைத்து, அதற்கு எழுத்தில் சாட்சி வாங்குங்கள். சிகிச்சைச் சீட்டின் நகலை வக்கீலிடம் கொடுங்கள். ரிமாண்ட் ஆகிவிட்டால், எந்த மாத்திரை, எவ்வளவு, கடைசியாக எப்போது எடுத்தான் என்பதை முதல் நாளே சிறை மருத்துவரிடம் எழுதிக் கொடுங்கள்.