மூன்று முறை பழுதான கேம் கன்சோல்: ரிப்பேரா, புதுசா?

கேள்வி: குடியாத்தத்தில் சிறிய துணிக்கடை வைத்திருக்கிறேன். மகனுக்காக வேலூரில் ஒரு கடையில் 49,990 ரூபாய்க்கு கேம் கன்சோல் வாங்கினேன். ஒரு வருட வாரண்டி. ஐந்தாம் மாதம், விளையாடிக்கொண்டிருக்கும்போதே தானாக அணைந்தது. சர்வீஸ் சென்டரில் பவர் சப்ளையை மாற்றினார்கள். எட்டாம் மாதம் அதே கோளாறு, ஃபேனை மாற்றினார்கள். பத்தாம் மாதம் மறுபடியும் கொடுத்தால், "உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, வாரண்டி செல்லாது, போர்டு மாற்ற 17,500 ஆகும்" என்று சொல்லி அப்படியே திருப்பித் தந்துவிட்டார்கள். விற்ற கடைக்காரர் "கம்பெனியைப் பாருங்கள்" என்கிறார். உள்ளூர் மெக்கானிக் 4,500-க்குச் சரிசெய்து தருவதாகச் சொல்கிறார். ரிப்பேர் செய்வதா, புதுசு கேட்டுச் சண்டை போடுவதா?

பதில்: முதலில் ஒன்று. அந்த மெக்கானிக்கிடம் இப்போது கொடுக்காதீர்கள். அவர் நல்ல வேலைக்காரராகவே இருக்கலாம். ஆனால் அவர் ஸ்க்ரூவைக் கழற்றிய அடுத்த நிமிடம், "வெளியாள் திறந்துவிட்டார்" என்று எதிர்த்தரப்பு சொல்ல இடம் கிடைத்துவிடும். காட்பாடிக்காரர் ஒருவர் இப்படித்தான் டிவியைத் தெருமுனைக் கடையில் திறக்கவிட்டு, அப்புறம் என்னிடம் வந்தார். நியாயம் முழுக்க அவர் பக்கம் இருந்தும், அதை நிரூபிக்க வழியில்லாமல் போனது.

நீங்கள் அனுப்பிய மூன்று ஜாப் ஷீட்டுகளையும் (சர்வீஸ் சென்டர் எழுதித் தரும் வேலைச் சீட்டு) இரண்டு முறை படித்தேன். முதல் ஷீட்டில் "வெளிப்புறச் சேதம்: இல்லை" என்று டிக் போட்டிருக்கிறார்கள். இரண்டாவதிலும் அப்படியே. இரண்டு முறையும் பெட்டியைத் திறந்து பாகம் மாற்றியவர்கள் அவர்கள்தான். அப்போது ஈரம் என்று ஒரு வார்த்தை இல்லை. மூன்றாவது ஷீட்டில் மட்டும், கீழே ஓரத்தில், வேறு பேனாவில் "தண்ணீர்" என்று எழுதியிருக்கிறது. உங்கள் வழக்கின் உயிர் இந்த மூன்று தாள்களில் இருக்கிறது. தண்ணீர் எந்தப் பாகத்தில் பட்டது, அதன் புகைப்படம் எங்கே, அந்தப் படத்தில் உங்கள் கன்சோலின் சீரியல் நம்பர் தெரிகிறதா என்று எழுத்து மூலமாகக் கேளுங்கள். போனில் பேசவே பேசாதீர்கள், மின்னஞ்சல் மட்டும்.

சரி, புதுசு கேட்கலாமா? கேட்கலாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 39-வது பிரிவு, குறையை நீக்கித் தரவும், குறையில்லாத புதுப் பொருளாக மாற்றித் தரவும், விலையைத் திருப்பித் தரவும், இழப்பீடு வழங்கவும் உத்தரவிட நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது. ஆனால் புதுசு மட்டும்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்காதீர்கள். பாகத்தை மாற்றினால் சரியாகிவிடும் என்றால் முழுப் பொருளையும் மாற்றித் தர வேண்டியதில்லை என்று 2006-ல் ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தக் காரின் வாரண்டியில் அப்படித்தான் எழுதியிருந்தது. கம்பெனி வக்கீல் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார். ஒரே கோளாறு, இரண்டு ரிப்பேர், மூன்றாவது முறையும் அதே கோளாறு என்பது அதற்கு உங்கள் பதில். முதல் முறை பழுதானபோதே வந்திருந்தால், ரிப்பேரை ஏற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். இப்போது அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

ஆகவே மனுவில் வரிசையாகக் கேளுங்கள்: புதுக் கன்சோல், இல்லையென்றால் வட்டியோடு விலை, அதுவும் இல்லையென்றால் இலவசமாகப் போர்டு மாற்றி, எழுத்தில் புதிய வாரண்டி. கூடவே அலைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை. நடுவில் கம்பெனியே இறங்கிவந்து மூன்றாவதைத் தருவதாகச் சொன்னால், என் கருத்தில் வாங்கிக்கொள்ளலாம். பழுதுபார்த்த பழைய பெட்டி ஒன்றைக் கொடுத்து "மாற்றிக் கொடுத்துவிட்டோம்" என்றால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். சட்டம் சொல்வது புதுப் பொருள்.

கடைக்காரர் கைகழுவ முடியாது. பணம் வாங்கி பில் போட்டவர் அவர். கடை, சர்வீஸ் சென்டர், கம்பெனி மூன்றையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். முதலில் மூவருக்கும் 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகார் பதியுங்கள். பல சமயம் அதிலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது குடியாத்தம் வேலூரிலேயே இருந்துவிட்டதால் உங்களுக்குக் குழப்பமில்லை. பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. கோளாறு தெரிந்ததிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் உண்டு. வழக்கு நடக்கும்போது வாரண்டி முடிந்துவிடுமே என்று பயப்பட வேண்டாம். வாரண்டிக்குள் நீங்கள் புகார் கொடுத்தது ஜாப் ஷீட்டில் தேதியோடு இருக்கிறது.

தண்ணீர் போனதா இல்லையா என்பது வாய்ச்சண்டையில் தீராது. ஆணையம் பொருளைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பலாம். அதற்கான கட்டணத்தை முதலில் உங்களைக் கட்டச் சொல்லலாம். பரிசோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே ஆகும் என்று மகனிடம் சொல்லிவையுங்கள். அதுவரை கன்சோலைத் திறக்காமல் அதன் அட்டைப்பெட்டியிலேயே வைத்து டேப் ஒட்டுங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் ஜாக்கிரதை. பக்கத்து வீட்டுப் பையன்களிடம் மணிக்கு இவ்வளவு என்று வாங்கி விளையாட விட்டிருந்தால், வியாபாரத்துக்குப் பயன்படுத்தினீர்கள் என்று சொல்லி நீங்கள் நுகர்வோரே இல்லை என்று வாதாடுவார்கள். அப்படி நடந்திருந்தால் மறைக்காமல் முன்கூட்டியே சொல்லுங்கள்.

கடைசியாக, உங்கள் பில். அது தெர்மல் தாள். வேலூர் வெயிலில் கடைப் பெட்டிக்குள் கிடந்து மேல் பாதி ஏற்கெனவே மங்கிவிட்டது. தேதியில் ஓர் எண் எனக்குத் தெரியவே இல்லை. இன்றைக்கே ஜெராக்ஸ் எடுங்கள். கடையில் கையெழுத்துப் போட்ட டூப்ளிகேட் பில் ஒன்றையும், நோட்டீஸ் போவதற்கு முன்பே, கேட்டு வாங்கிவிடுங்கள்.