பத்துப் படமும் பத்தாத பதில்களும்

போன கிழமை எனக்குப் பிடித்த பத்துத் தமிழ்ப் படங்களை வரிசைப்படுத்திச் சொல்லியிருந்தேன். மறந்தவர்களுக்காக: வீடு, உதிரிப்பூக்கள், முள்ளும் மலரும், தண்ணீர் தண்ணீர், தில்லானா மோகனாம்பாள், பொன்மணி, மகாநதி, காக்கா முட்டை, மேற்குத் தொடர்ச்சி மலை, காதலிக்க நேரமில்லை. கேள்விகள் கேட்கச் சொன்னதும் நான்தான். இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை.

மட்டக்களப்பு, கல்லடியிலிருந்து ஒரு தம்பி: அண்ணன், வீடு எப்படி முதலாவது? பாட்டு இல்ல, சண்டை இல்ல. பாதியில நித்திரை வந்திட்டு.

நீங்கள் இன்னும் வீடு கட்டவில்லை தம்பி, அதுதான் காரணம்.

பாலுமகேந்திரா இயக்கி 1988இல் வந்த படம். சென்னையில் சம்பளத்துக்கு வேலை செய்யும் சுதா என்ற பெண் சொந்தமாக ஒரு வீடு கட்டப் பார்க்கிறாள். கதை அவ்வளவுதான். கடன் வாங்குகிறாள், நகையைக் கொடுக்கிறாள், ஒப்பந்தக்காரன் சீமெந்தைக் களவெடுக்கிறான். சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா, முடியாத வீட்டின் சுவரைத் தடவிப் பார்க்கும் இடம் ஒன்று வரும். அதற்கு மேல் நான் சொல்லக்கூடாது. பாட்டு இல்லை என்கிறீர்கள், சரி. பின்னால் ஓடுவது இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ இசைத்தொகுப்பு. அதையும் நித்திரையில் விட்டுவிட்டீர்கள்.

2004 சுனாமிக்குப் பிறகு எங்களுக்கும் வீட்டுக் காசு கிடைத்தது, கட்டம் கட்டமாக. அத்திவாரம் போட்டுப் படம் எடுத்துக் காட்டினால் ஜன்னல் மட்டம் வரைக்கும் காசு. ஜன்னல் மட்டம் வந்தால் கூரைக்குக் காசு. இடையில் மணல் விலை ஏறும், மேசன் வேறு வேலைக்குப் போய்விடுவான், பார்க்க வருகிற ஐயா ‘அடுத்த கிழமை’ என்பார். மனைவி ஒரு கொப்பியில் கணக்கு எழுதுவாள். இரவில் அந்தக் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றும் எழுதாமல் இருப்பாள். அர்ச்சனா அந்தப் படத்தில் அப்படித்தான் இருப்பார். அவருக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கொடுத்தார்கள். மனைவிக்கு யாரும் கொடுக்கவில்லை.

அப்புறம், எதில் பார்த்தீர்கள்? ஃபோனிலா? முழுப் பிரதிதானா?

காத்தான்குடியிலிருந்து ஒருவர்: முழுப் பிரதியா இல்லையா எண்டு எப்படித் தெரியும் காக்கா?

நல்ல கேள்வி. படம் தொடங்கும்போது தணிக்கைச் சான்றிதழ் வரும், எல்லாரும் தள்ளிவிட்டுப் போகிற அந்தத் தாள். பழைய இந்தியப் படங்களின் சான்றிதழில் படச்சுருளின் நீளம் மீட்டரில் இருக்கும். 35 மில்லிமீட்டர் சுருள் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 27.4 மீட்டர் ஓடும். 3,900 மீட்டர் என்று இருந்தால் 142 நிமிடம். நீங்கள் பார்ப்பது 118 நிமிடம் என்றால் யாரோ வெட்டியிருக்கிறார்கள்.

ஒரு ஆறு நிமிடம் குறைந்தால் பயப்பட வேண்டாம். தியேட்டரில் வினாடிக்கு 24 சட்டகம் (ஃப்ரேம்) ஓடும், எங்கள் நாட்டுத் தொலைக்காட்சி முறையில் 25. அதனால் 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும், பாட்டும் கொஞ்சம் கீச்சென்று கேட்கும். அதைவிட மோசம், அகலத் திரைக்கு ஏற்றதாக மேலும் கீழும் வெட்டிய பிரதிகள். நெற்றி இல்லாமல் ஒருவர் பேசிக்கொண்டிருந்தால் மூடிவிடுங்கள்.

வாழைச்சேனை: நாயகன் ஏன் இல்லை?

1987இல் தியேட்டரில் பார்த்து வாய் பிளந்தவன் நான். ஆனால் இப்போது திரும்பப் பார்த்தால் கமல்ஹாசனின் நடிப்புத்தான் தெரிகிறது, வேலு நாயக்கர் தெரியவில்லை. மகாநதியில் அவர் கிருஷ்ணசாமியாகவே இருக்கிறார். ஆகவே ஏழாவது இடம் மகாநதிக்கு.

களுவாஞ்சிக்குடி: உதிரிப்பூக்களுக்கு இரண்டாம் இடம் கொடுத்ததுக்குப் படத்தைத் தவிர வேறு காரணம் இருக்கா?

இருக்கிறது. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எங்கள் ஊருக்கு அப்போது மின்சாரம் இல்லை. டிவியும் டெக்கும் ஜெனரேட்டரும் வாடகைக்குப் பிடித்து லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றி வருவார்கள். ஒரு இரவுக்கு நாலு படம். முதல் இரண்டும் சண்டைப் படம். மூன்றாவதாக உதிரிப்பூக்கள் போட்டபோது இரண்டு மணி இருக்கும். முற்றமெல்லாம் ஆட்கள் பாயில் சரிந்து கிடந்தார்கள். முழித்திருந்தது நானும் அம்மம்மாவும். விஜயன் நடித்த சுந்தரவடிவேலுவை அம்மம்மா படம் முழுக்கத் திட்டினா. கடைசியில் ஊர் கூடி அவனை ஆற்றில் இறங்கச் சொல்லும்போது, தன்னைப் போலவே ஊரையும் மாற்றிவிட்டதுதான் தன் பெரிய பிழை என்று அவன் சொல்வான். அம்மம்மா திட்டுறதை நிறுத்திவிட்டா. விடிந்த பிறகும் ஒன்றும் பேசவில்லை.

புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யிலிருந்து மகேந்திரன் எடுத்த படம், 1979. கதையை வாசித்துவிட்டுப் பார்த்தால் அவர் எவ்வளவு தூரம் விலகிப் போயிருக்கிறார் என்று தெரியும்.

ஏறாவூர்: நாயகனை விட்டுட்டீங்களே?

வாழைச்சேனைக்குச் சொன்னதுதான்.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தங்கச்சி: இந்தியப் படங்களில் வரும் இலங்கைத் தமிழைக் கேட்டா எனக்குச் சிரிப்பு வருது. நம்மட பேச்சு எதிலயாவது வந்திருக்கா?

அவர்களுக்கு இலங்கைத் தமிழ் என்றால் யாழ்ப்பாணத் தமிழ் மட்டும்தான். தெனாலியில் கமலுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் வானொலி அறிவிப்பாளர் பி.எச். அப்துல் ஹமீட். உழைத்துச் செய்திருக்கிறார்கள், குறை சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் மட்டக்களப்புப் பேச்சில், பிறகு என்பதற்கு ‘மறுகா’ என்று ஒரு பாத்திரம் சொல்லிக் கேட்க நான் இன்னும் காத்திருக்கிறேன். ‘என்னகா’ என்று ஒரு கதாநாயகி கேட்டால் தியேட்டரில் எழும்பி நின்று கைதட்டுவேன்.

கல்முனை: பொன்மணி நம்ம நாட்டுப் படம் எண்டதாலதானே ஆறாவது?

இல்லை. அப்படிப் பார்த்தால் இன்னும் நாலைந்து படத்தைச் சேர்த்திருக்கலாம். படத்தின் இயக்குநர் தர்மசேன பத்திராஜா சிங்களவர். காவலூர் ராஜதுரையின் எழுத்தை வைத்து யாழ்ப்பாணத்து வீடொன்றில் சாதியும் சீதனமும் எப்படிக் குடியிருக்கின்றன என்று 1977இல் காட்டினார். யாரும் கத்தி அழாமல், வசனத்தால் அடிக்காமல். அந்த நிதானத்துக்குத்தான் ஆறாம் இடம்.

அமிர்தகழியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: பாலுமகேந்திரா எங்கள் ஊர்ப் பிள்ளை. மூன்றாம் பிறையையும் சேர்த்திருக்க வேண்டும். அவருடைய கமராவில் விழுகிற வெளிச்சம் எங்கள் வாவியின் காலை வெளிச்சம்.

சேர், அவர் 1939இல் அமிர்தகழியில் பிறந்தவர், உண்மை. சென். மிக்கேல் கல்லூரியில் படித்தவர். ‘குவாய் நதிப் பாலம்’ படத்தைக் கித்துல்கலவில் எடுத்துக்கொண்டிருந்தபோது, பாடசாலைச் சுற்றுலாவில் போய் அதன் இயக்குநர் டேவிட் லீனைப் பார்த்ததாக அவரே சொல்லியிருக்கிறார். லீன் மழை என்று கத்தினாராம், மழை பெய்ததாம். இதையெல்லாம் நானும் பெருமையாகச் சொல்லித் திரிகிறவன்தான். ஆனால் வெளிச்சத்தை வாவியில் ஏற்றாதீர்கள். அதை அவர் பூனா திரைப்படக் கல்லூரியில் படித்தார், 1974இல் நெல்லு என்ற மலையாளப் படத்தில் தொடங்கினார். மூன்றாம் பிறையின் ஒளிப்பதிவுக்கு அவருக்குத் தேசிய விருது கிடைத்தது, அது ஊட்டியின் பனி.

அதே ஆசிரியர்: பிறந்த இடம் ஒருவனின் கண்ணில் இருக்காதா?

கல்முனைக்காரர் இடையில்: அவர் எங்கட வாவியப் படத்தில காட்டினவரா சேர்? அவரை மதுரைக்காரரும் நம்மவர் எண்டுதான் சொல்றாங்க.

ஆசிரியர்: தம்பி, நீங்கள் சும்மா இருங்கள்.

இரண்டு பேரும் பொறுங்கள். கல்முனைத் தம்பி, சேரோடு மரியாதையாக.

சேர், இருக்கும். ஆனால் நீங்கள் தேடுகிற இடத்தில் இல்லை. சின்ன வயதில் அவருடைய அம்மா வீடு கட்டினார். கட்டத் தொடங்கிய பிறகு அம்மாவின் முகம் மாறிப்போனது, சிரிப்புக் குறைந்தது, அந்த நினைவிலிருந்துதான் வீடு பிறந்தது என்று சொல்லியிருக்கிறார். அமிர்தகழியில் ஒரு தாயின் முகத்தில் பார்த்ததைச் சென்னையில் சுதாவின் முகத்தில் வைத்தார். மாமாங்கத் தீர்த்தத்தையோ கல்லடிப் பாலத்தையோ படத்தில் காட்டியிருந்தால் நாங்கள் கைதட்டியிருப்போம், வேறொன்றும் நடந்திருக்காது. ஊரவர் என்பதற்காக முதலிடம் கொடுத்தேனா என்று நானும் என்னைக் கேட்டுப் பார்த்தேன். மூன்றாம் பிறையை வெளியே விட்டதிலிருந்து உங்களுக்கே தெரியும்.

முள்ளும் மலரும் படத்துக்கும் அவர்தான் கமரா. ஆக, பத்தில் இரண்டு அவருக்கு. போதாதா?

ஆசிரியர்: போதாது.

சரி சேர்.

திருக்கோவில்: என்ன கமரா வாங்கினா நல்லாப் படம் எடுக்கலாம்?

எனக்குப் பார்க்கத்தான் தெரியும். கலியாண வீட்டுப் படம் பிடிக்கிற ஆட்களைக் கேளுங்கள்.

செங்கலடி: நாயகன்...

இல்லை.

கொக்கட்டிச்சோலையிலிருந்து ஒரு மகள்: மாமா, நான் பத்தாம் ஆண்டு படிக்கிறன். பத்தில எதை முதல் பாக்கலாம்?

கடைசியில் இருந்து தொடங்குங்கோ மகள். காதலிக்க நேரமில்லை, 1964. அதில் நாகேஷ் தன்னுடைய பேய்ப்படக் கதையைப் பாலையாவுக்குச் சொல்வார். சத்தமும் கையும் காலும்தான், பேய் வராது. ஆனால் பாலையாவின் முகத்தைப் பார்த்தால் வந்துவிட்டது போலவே இருக்கும். பிறகு காக்கா முட்டை. வீடு இப்போது வேண்டாம், மணல் லோட் என்ன விலை என்று நீங்கள் விசாரிக்கிற வயசில் பாருங்கோ.

அப்பாவின் ஃபோனில் பார்க்க வேண்டாம்.