பழைய குழந்தை கார் சீட் வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

ஒன்பது மாதக் குழந்தை, மாதம் இரண்டு முறை நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் போய்வர வேண்டும், புது சீட் விலை கட்டுப்படியாகவில்லை, யாரோ பயன்படுத்திய சீட்டை வாங்கினால் ஆபத்தா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்கலாம். நானும் அப்படித்தான் வாங்கினேன். நாங்கள் தக்கலை பக்கம். கார் 2013 மாடல் சின்ன வண்டி. மகளுக்கு அப்போது பத்து மாதம். கடையில் புது சீட் பன்னிரண்டாயிரம் சொன்னார்கள். அதனால் பழையது தேடினேன். மூன்று சீட் பார்த்தேன், இரண்டை வேண்டாம் என்று விட்டேன். வாங்கிய கதையை விட, வாங்காமல் விட்ட கதைதான் உங்களுக்கு அதிகம் உதவும்.

முதலாவது நாகர்கோவிலில், ஆன்லைன் விளம்பரத்தில் பார்த்தது. 'பேபி கார் சீட், புதுசு போல' என்று போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் அது கைப்பிடி வைத்த தொட்டில் கூடை. பிள்ளையைப் படுக்க வைத்து ஆட்டலாம், தூக்கிக்கொண்டு நடக்கலாம், அவ்வளவுதான். காரின் பெல்ட்டை எந்த வழியாக மாட்டுவது என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. மாட்ட வழியே இல்லை என்பதுதான் விஷயம். இதே ரகத்தில் இன்னொன்றும் உண்டு. கெட்டியான பிளாஸ்டிக் ஓடு எதுவும் இல்லாமல், மெத்தையில் நாலு வார் தைத்தது போல இருக்கும். ஆயிரம் ரூபாய்க்கும் குறைவாகக்கூடக் கிடைக்கும். அதை கார் சீட் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

உண்மையான சீட்டில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஐரோப்பியத் தரத்தில் செய்ததென்றால் ஆரஞ்சு நிறம். அதில் ஒரு வட்டத்துக்குள் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தும், அங்கீகாரம் கொடுத்த நாட்டின் எண்ணும் இருக்கும். 1 என்றால் ஜெர்மனி, 4 என்றால் நெதர்லாந்து. கூடவே ஆர்44/04 என்றோ ஆர்129 என்றோ போட்டிருக்கும். முதலாவது பிள்ளையின் எடையை வைத்துப் பிரிப்பது, இரண்டாவது உயரத்தை வைத்துப் பிரிக்கும் புதிய தரம். ஐரோப்பாவில் 2024 செப்டம்பரோடு 44 வகையின் புது விற்பனையை நிறுத்திவிட்டார்கள். ஏற்கெனவே வாங்கியதைப் பயன்படுத்தத் தடையில்லை. நம்மூரில் கைமாறுகிற சீட்டுகளில் பெரும்பாலும் நான் பார்த்தது இந்த 44/04தான். இந்தியத் தரத்துக்கு ஏஐஎஸ் 072 என்று பெயர். ஸ்டிக்கர் கிழிந்துபோன சீட்டை யார் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். மாடல் எண் தெரியாமல் கையேட்டைத் தேடி எடுக்க முடியாது. கம்பெனி அந்த மாடலைக் குறை கண்டு திரும்பப் பெற்றதா என்றும் பார்க்க முடியாது.

இரண்டாவது சீட் மார்த்தாண்டத்தில். நல்ல கம்பெனி, ஸ்டிக்கர் இருந்தது, உறை பளிச்சென்று இருந்தது, விலை மூவாயிரம். எனக்கு ஆசை வந்துவிட்டது. "சீட்டு ஏதாவது விபத்துல மாட்டுச்சா?" என்று கேட்டேன். "ஐயோ, இல்லக்கா" என்று அந்தப் பெண் உடனே சொன்னாள். சரி என்று பணத்தை எடுக்கப் போனேன். என் வீட்டுக்காரர் சும்மா பேச்சுக்கு, "இந்த சீட்டு எந்த வண்டியில கெடந்தது? அந்த வண்டி இப்ப இருக்கா?" என்று கேட்டார். அதற்கு வந்த பதில்:

"அத வித்துட்டோம் அண்ணா. களியக்காவிளை பக்கத்துல வச்சு டெம்போ இடிச்சு முன்பக்கம் மொத்தமா போச்சு. இந்த சீட்டு மட்டும் இல்லேன்னா பிள்ளைய நாங்க பாத்திருக்க முடியாது. ஒரு கீறல் கெடயாது பாத்துக்கோங்க!"

அவள் பொய் சொல்லவில்லை. அவள் கணக்கில் விபத்தில் மாட்டியது கார், சீட் இல்லை. அந்த சீட்டுக்கு இதைவிடப் பெரிய நற்சான்று கிடையாது. ஆனால் அதை வாங்கக்கூடாது என்பதற்கும் அதுவேதான் காரணம். மோதலின் வேகத்தை வாங்கிக்கொள்வதுதான் சீட்டின் வேலை. ஓடு கொஞ்சம் வளையும், வார் கொஞ்சம் இழுபடும், உள்ளே இருக்கும் தெர்மோகோல் நசுங்கும். வெளியே ஒன்றும் தெரியாது. இன்னொரு முறை அதே வேலையைச் செய்யுமா என்று கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

அதனால் என் அனுபவத்தில் முதல் கேள்வி சீட்டைப் பற்றியதாக இருக்கக்கூடாது, காரைப் பற்றியதாக இருக்க வேண்டும். எந்த வண்டி, இப்போது எங்கே, பெயின்ட் வேலை எப்போது பார்த்தீர்கள், இன்சூரன்ஸ் கிளெய்ம் எடுத்தீர்களா என்று கேளுங்கள். காரின் கதையை எல்லோரும் ஆசையாகச் சொல்வார்கள்.

சின்ன உரசல் கூடவா என்றால், அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ ஒரு கணக்கு வைத்திருக்கிறது. மோதிய இடத்தில் இருந்து வண்டியை ஓட்டிக்கொண்டே போக முடிந்தது, சீட்டுக்கு அருகில் உள்ள கதவுக்குச் சேதமில்லை, யாருக்கும் காயமில்லை, ஏர்பேக் விரியவில்லை, சீட்டில் கண்ணுக்குத் தெரிகிற பழுதில்லை. இந்த ஐந்தும் ஒன்றாக இருந்தால்தான் அது சின்ன மோதல். ஒன்று குறைந்தாலும் சீட்டை மாற்றச் சொல்கிறார்கள். சில கம்பெனிகள் எந்த மோதலானாலும் மாற்று என்றே கையேட்டில் போடுகின்றன. முன்பின் தெரியாதவரிடம் இந்த ஐந்தையும் உறுதி செய்ய வழியில்லை. அதனால்தான் சொல்கிறேன், தெரிந்தவரிடம் வாங்குங்கள். கூச்சமில்லாமல் கேள்வி கேட்கக்கூடிய ஆளாக இருக்க வேண்டும். அவர் சீட்டைப் புதிதாக வாங்கிய முதல் ஆளாகவும் இருக்க வேண்டும். இரண்டு கை மாறி வந்த சீட்டின் கதை பாதி வழியிலேயே தொலைந்திருக்கும்.

மூன்றாவது அப்படிக் கிடைத்ததுதான். மஸ்கட்டில் வேலை பார்த்துவந்த என் சித்தி மகன் குடும்பத்தோடு ஊருக்கே வந்துவிட்டான். நம் மாவட்டத்தில் வளைகுடாவில் இருந்து திரும்பும் வீடுகளில் தேடினால் நல்ல சீட்டுகள் கிடைக்கும். ஆனால் அதற்கென்று தனிச் சிக்கல்கள் உண்டு. முதலாவது வெயில். அங்கே வெளியில் நிறுத்திய காருக்குள் வருடக்கணக்கில் வெந்த பிளாஸ்டிக் உறுதி இழந்து நொறுங்கும் பதத்துக்கு வந்திருக்கலாம். இரண்டாவது விமானப் பயணம். சீட்டை லக்கேஜில் போட்டிருந்தால் எங்கே எப்படி எறிந்தார்களோ. அவனுடையது பழைய அட்டைப்பெட்டியிலேயே நன்றாகப் பொதிந்து வந்திருந்தது, அங்கே நிழலான பார்க்கிங்கும் இருந்தது. மூன்றாவது, அமெரிக்கத் தரத்தில் செய்த சீட்டுகளும் அங்கிருந்து வருகின்றன. மோசமானவை என்று சொல்லவில்லை. ஆனால் அமெரிக்க கார்களின் பெல்ட்டை முழுக்க இழுத்துவிட்டால் பூட்டிக்கொண்டு நிற்கும் வசதி உண்டு. நம் கார்கள் பலவற்றில் திடீரென்று இழுத்தால் மட்டும்தான் பூட்டும், மற்ற நேரம் தளர்ந்துதான் இருக்கும். சீட்டிலேயே பெல்ட்டைப் பூட்டும் கிளிப் இல்லாவிட்டால் அது ஆடிக்கொண்டே இருக்கும். வாங்கும் முன் இதைக் கட்டாயம் பாருங்கள்.

தம்பி என்பதால் நான் சும்மா விட்டுவிடவில்லை. சீட்டை முற்றத்தில் வைத்து உறை முழுவதையும் கழற்றினேன். "அக்கா, கோழி உரிக்குற மாதிரி உரிக்குதியே" என்று அவன் சிரித்தான். உறைக்கு அடியில் தலைப்பக்கம் இருக்கும் தெர்மோகோலில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தேன். ஓட்டைக் கவிழ்த்து, டார்ச் அடித்து, பெல்ட் போகும் இடங்களையும் மூலைகளையும் பார்த்தேன். பிளாஸ்டிக் வளைந்து வெளிறிப்போன கோடு இருந்தால் அது உள்ளே விரிசல் விடப் போவதன் அடையாளம். வார்களைக் கடைசிவரை இழுத்து இரண்டு பக்கமும் தடவினேன். மச்சில் போட்டு வைத்த சாமானென்றால் எலி கடித்திருக்க வாய்ப்புண்டு. கடற்கரைப் பக்கம் என்றால் பக்கிளை முக்கியமாகப் பாருங்கள். குளச்சலில் ஒரு சிநேகிதி வீட்டு சீட்டில் உப்புக்காற்று பட்டு உள் ஸ்பிரிங் துருவேறி, சிவப்புப் பொத்தானை அழுத்தினால் பாதி நேரம் திரும்பி வராது. பக்கிள் பூட்டும்போது டக்கென்று சத்தம் கேட்க வேண்டும், இழுத்தால் வரக்கூடாது, அழுத்தினால் உடனே விட வேண்டும்.

அந்த மார்த்தாண்டம் சீட்டைப் பற்றி இன்னொன்று சொல்ல விட்டுப்போனது. "வாரெல்லாம் சோப்புத்தூள்ல ஊறப்போட்டு வெயில்ல காய வச்சேன்" என்று பெருமையாகச் சொன்னாள் பாவம். உறையைத் துவைக்கலாம். வாரை ஈரத்துணியால் துடைக்கத்தான் வேண்டும், ஊற வைக்கவோ பிளீச் போடவோ கூடாது, நூலின் வலு போய்விடும். பழைய சீட் பளபளவென்று இருந்தால் எப்படிச் சுத்தம் செய்தீர்கள் என்றும் கேளுங்கள்.

தேதியையும் பாருங்கள். ஓட்டின் அடியில் கடிகாரம் போல ஒரு சின்ன வட்டம் அச்சாகியிருக்கும். நடுவில் வருடத்தின் கடைசி இரண்டு எண்கள், அம்புக்குறி காட்டுவது மாதம். சிலவற்றில் ஸ்டிக்கரிலேயே தேதி இருக்கும். கம்பெனியைப் பொறுத்து ஆறு முதல் பத்து வருடம்வரை ஆயுள் சொல்வார்கள். அது செய்த தேதியில் இருந்து, வாங்கிய தேதியில் இருந்து அல்ல. "ரெண்டு வருசந்தான் பயன்படுத்தினோம்" என்பதற்கு இங்கே மதிப்பில்லை. மீதி வருடங்களில் அது மச்சில் கிடந்தாலும் வயது ஏறிக்கொண்டேதான் இருக்கும். எங்களுடையது 2020இல் செய்தது, ஆயுள் எட்டு வருடம். நாலாயிரத்துக்குப் பேசி முடித்தோம். தம்பி பணம் வேண்டாம் என்றான். சித்தி கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் காரில் ஒருமுறை மாட்டிப் பார்த்துவிடுங்கள். பெல்ட் இல்லாமலே சீட்டை நேராகக் காரோடு பூட்டுவதற்கான ஐசோஃபிக்ஸ் வளையம் எங்கள் வண்டியில் கிடையாது, பெல்ட்தான். பிள்ளை பின்னோக்கி இருக்கும்படி மாட்டும்போது பெல்ட் சீட்டைச் சுற்றிப் போவதால் நீளம் அதிகம் தேவைப்படும். சின்ன கார்களில் எட்டாமல் போவதும் உண்டு. எங்களுக்குப் பின் இடது பக்கம் மயிரிழையில் எட்டியது. பெல்ட் போகும் வழிக்கு ஐரோப்பிய சீட்டுகளில் நிறம் இருக்கும்: பின்னோக்கி வைத்தால் நீலம், முன்னோக்கி வைத்தால் சிவப்பு. மாட்டியபின் பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டினால் ஓர் அங்குலத்துக்கு மேல் நகரக்கூடாது. என் முழங்காலை சீட்டில் ஊன்றி பெல்ட்டை இழுத்த பிறகுதான் அந்த இறுக்கம் வந்தது. முன்சீட்டில் ஏர்பேக் இருந்தால் அங்கே பின்னோக்கிய சீட்டை வைக்கவே கூடாது. ஏர்பேக் விரியும் வேகம் பிள்ளையின் தலைக்குப் பின்னால்தான் வந்து இடிக்கும்.

எங்கள் சீட் பின்னோக்கி 13 கிலோவரை, முன்னோக்கி 9 முதல் 18 கிலோவரை. ஒன்பது கிலோ ஆனதும் திருப்பிவிடலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். நாங்கள் திருப்பவில்லை. சின்னப் பிள்ளைக்குத் தலை பெரிது, கழுத்து இளசு. பின்னோக்கி இருந்தால் மோதும்போது முதுகும் தலையும் சேர்ந்து ஓட்டில் சாயும். புதிய ஆர்129 குறைந்தது 15 மாதம் வரை பின்னோக்கித்தான் என்கிறது. வார் இறுக்கத்துக்கு ஒரு சோதனை: தோளருகே வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள், மடிப்பு பிடிபட்டால் இன்னும் இறுக்க வேண்டும்.

வீட்டில் எதிர்ப்பு வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். என் மாமியார், "மக்ளே, நாங்கல்லாம் பிள்ளைய மடியில வச்சுத்தானே வளத்தோம்" என்றார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவில் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு பெல்ட்டோ சீட்டோ போடாமல் ஓட்டினால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று சொல்லிப் பார்த்தேன், அவர் அசையவில்லை. அப்புறம் வீட்டுக்கு எதிரே நிற்கும் தென்னையைக் காட்டினேன். பத்து மீட்டர் உயரத்தில் இருந்து விழும் தேங்காய் தரையைத் தொடும்போது ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். ஐம்பதில் போகும் கார் எதிலாவது மோதி நின்றால், மடியில் இருக்கும் பிள்ளை அதே வேகத்தில்தான் முன்னால் போகும். "அந்தத் தேங்காய கையால பிடிச்சுருவியளா மாமி?" என்று கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது வெயிலில் சுட்டுக் கிடந்த பக்கிள்மேல் ஈரத் துவர்த்தை, அதாவது துண்டை, போட்டு வைத்திருந்தார்.

மார்த்தாண்டம் பெண்ணுக்கு அன்றிரவே போன் செய்து, அந்த சீட்டை யாருக்கும் விற்காதே, பழைய சாமான் கடைக்குப் போடுவதானாலும் வார்களை வெட்டிவிட்டுப் போடு என்றேன். மூவாயிரம் ரூபாய்ப் பொருளை வெட்டச் சொன்னால் யாருக்குத்தான் மனம் வரும். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "நீங்க சொல்லுறது மனசிலாவுது அக்கா" என்று வைத்துவிட்டாள். விளம்பரம் மறுநாள் காணவில்லை. வெட்டினாளா, வேறு யாரிடமாவது போனதா, தெரியவில்லை. மார்த்தாண்டம் பக்கம் யாராவது நல்ல சீட் மூவாயிரத்துக்குத் தருகிறேன் என்றால், அவர்களுடைய காரைப் பற்றிக் கேட்டுவிடுங்கள்.