கேளுங்கள்: பாம்பன் கால்வாயும் அக்கம்பக்கமும்

கே: பாம்பனில் ரயில் பாலம் உயர்ந்து கப்பல் கடப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். எத்தனை மணிக்குப் போகலாம்?
– வாசகர், பரமக்குடி

ப: அதற்கென்று தினசரி நேரம் கிடையாது. கால்வாயைக் கடக்க வரும் கலங்கள் துறைமுக அலுவலகத்தில் அனுமதி வாங்கி, ரயில் இல்லாத நேரம் கிடைக்கும்வரை நங்கூரம் போட்டுக் காத்துக் கிடக்கும். ஆகவே பாலத்துக்கு வடக்கிலோ தெற்கிலோ பெரிய கலங்கள் சேர்ந்து நின்றால், தூக்கும் நேரம் நெருங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாட்டுப்படகுக்கெல்லாம் தூக்க மாட்டார்கள், அது அடியிலேயே நுழைந்து போய்விடும். காற்று பலமாக அடித்தால் தூக்குவது தள்ளிப்போகும்.

1914-இல் திறந்த பழைய பாலத்தில் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து எழுந்தது. ஆட்கள் கையால் சுற்றித் திறக்க வேண்டியிருந்தது. 2022 டிசம்பரோடு அதில் ரயில் ஓட்டம் நின்றது. 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு மின்விசையில் செங்குத்தாக 17 மீட்டர் ஏறுகிறது. பழையதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சப்பென்றுதான் இருக்கும். பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

நின்று பார்க்கத் தோதான இடம், 1988-இல் திறந்த சாலைப் பாலம். அதன் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். பாம்பன் பக்கம் இறங்கி ஓரம்கட்டிவிட்டு நடைபாதையில் திரும்பி நடந்து வாருங்கள். பைக்கில் வருகிறவர்கள் கவனிக்க: பாலத்தின் இணைப்புகளில் உள்ள இரும்புத் தகடு மழை ஈரத்தில் வழுக்கும். தகட்டின் மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் சறுக்கிவிடும். முன்னாடியே வேகத்தைக் குறைத்து, ஹேண்டிலைத் திருப்பாமல் நேராகத் தாண்டுங்கள்.

கே: குந்துகாலில் என்ன இருக்கிறது?
– வாசகி, மானாமதுரை

ப: விவேகானந்தர் நினைவு மண்டபம். கொழும்பு வழியாகத் திரும்பிய அவர் 1897 ஜனவரி 26-இல் பாம்பனில் கரையேறினார். ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி வரவேற்றார். பாலம் இறங்கியதும் வலது பக்கம், தெற்கே போக வேண்டும். எதிரே குருசடைத் தீவு தெரியும்.

கே: கலாம் நினைவிடமும் கலாம் வீடும் ஒன்றுதானா?
– வாசகர், முதுகுளத்தூர்

ப: இல்லை. நினைவிடம் பேக்கரும்பில், ராமேசுவரம் போகும் வழியிலேயே வந்துவிடும். வீடு ஊருக்குள் பள்ளிவாசல் தெருவில். வீட்டுத் தெரு குறுகல், காரை வெளியே விடுங்கள்.

கே: ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனைக்குப் போனோம். ஓவியம் மங்கலாகத் தெரிந்தது, ஒன்றும் புரியவில்லை.
– வாசகி, தேவகோட்டை

ப: மூக்கு இடிக்கும் தூரத்தில் நின்றால் நிறத்திட்டு மட்டும்தான் தெரியும். நாலு எட்டு பின்னால் வந்து, உள்ளிருட்டுக்குக் கண் பழகட்டும். பிறகு ஒரு சுவரை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிசையாகக் கண்ணை ஓட்டுங்கள். ராமாயண, பாகவதக் காட்சிகளோடு சேதுபதியின் அரசவையும், தஞ்சை மராத்தியரோடு நடந்த போரும், ஐரோப்பியர் வந்து சந்திப்பதும் தீட்டப்பட்டிருக்கின்றன. தொப்பியையும் உடுப்பையும் வைத்தே வெள்ளைக்காரர்களைப் பிடித்துவிடலாம். கட்டியவர் கிழவன் சேதுபதி. சுவரைத் தொட வேண்டாம், கை ஈரம் பட்டால் சாயம் உரியும்.

கே: தனுஷ்கோடி தேவாலயச் சுவர் ஏன் இப்படி அரித்துக்கிடக்கிறது?
– வாசகர், சாயல்குடி

ப: 1964 டிசம்பர் 22-23 புயல் கூரையைக் கொண்டுபோனது; மிச்சத்தை உப்புக் காற்று தின்கிறது. சுவர் பவளப்பாறைக் கல். பூச்சு உதிர்ந்த இடத்தில் உற்றுப் பாருங்கள், தேனடை மாதிரி பொடிப்பொடிக் கண்களாக இருக்கும். அந்தக் கண்களுக்குள் உப்பு நீர் ஊறிக் காய்கிறபோது உப்பு பருத்துக் கல்லை உடைக்கிறது. சாய்ந்துகொண்டோ ஏறி நின்றோ படம் எடுக்காதீர்கள், கல் பெயர்ந்து விழும். ஆடியில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று மணலைத் தார்ச்சாலை மேல் குவிக்கும், இருசக்கர வண்டிக்கு ஆகாது. அந்த மாதங்களில் பஸ்ஸே மேல். எப்போது போனாலும் மதியத்துக்குள் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையைப் பார்த்துவிடுங்கள். மாலையில் சோதனைச் சாவடியில் வண்டிகளை உள்ளே விடமாட்டார்கள்.