கட்டியை எடுத்த பிறகும் ஐ.எச்.சி. எதற்கு?

கேள்வி: திருப்பூர்ல சாயப்பட்டறையில வேலை செய்யறனுங்க. அப்பாவுக்கு 61 வயசு. போன மாசம் கோயமுத்தூர்ல வலது கிட்னியில இருந்த 4 செ.மீ. கட்டிய மட்டும் எடுத்தாங்க. ரிப்போர்ட்ல 'ஆன்கோசைட்டோமாவா, குரோமோஃபோப் கேன்சரா, ஐ.எச்.சி. செய்து பார்க்கவும்'னு போட்டிருக்குது. கட்டியத்தான் எடுத்தாச்சே, இன்னும் எதுக்குங்க டெஸ்ட்டு? சி.டி.117 ஒண்ணு மட்டும் பண்ணினாப் போதுமுங்களா?

பதில்: ஐ.எச்.சி. (இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி) என்பது எடுத்த திசுவின் செல்களில் எந்தப் புரதம் இருக்கிறது என்று நிறமேற்றிப் பார்க்கும் டெஸ்ட். அதைச் செய்துவிடுங்கள். ஆன்கோசைட்டோமா கேன்சர் அல்ல. குரோமோஃபோப் பெரும்பாலும் மெதுவாக வளர்வதுதான், ஆனாலும் கேன்சர். எது என்று தெரிந்தால்தான் அப்பாவை எத்தனை வருடம், எப்படிக் கண்காணிப்பது என்று டாக்டர் முடிவு செய்ய முடியும்.

ஆனால் சி.டி.117 மட்டும் போதாது. சி.டி.117, சி.கே.7 எல்லாம் அப்படித் தேடும் புரதங்களின் பெயர்கள். பருத்திக்கான ரியாக்டிவ் சாயம் பாலியஸ்டரில் பிடிக்காது என்பது உங்களுக்கே தெரியும். இங்கே ஆளைத் தேடிப் போவது ஆன்டிபாடி. அது தனக்குரிய புரதத்தில் ஒட்டும். ஒட்டிய இடத்தில் பழுப்பு நிறம் ஏறும். இந்த இரண்டு கட்டிகளும் நெருங்கிய உறவு என்பதால் சி.டி.117 இரண்டிலுமே பிடித்துவிடும். பிரித்துக் காட்டுவது சி.கே.7. குரோமோஃபோபில் பெரும்பாலும் பரவலாகப் பிடிக்கும். ஆன்கோசைட்டோமாவில் அங்கொரு செல், இங்கொரு செல்.

அப்படியானால் சி.கே.7 மட்டும் செய்யலாமா? அதுவும் கூடாது. சி.கே.7 பரவலாகப் பிடித்து, சி.டி.117 பிடிக்காத 'லோ கிரேடு ஆன்கோசைட்டிக் ட்யூமர்' என்று ஒன்று உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வகைப்பாட்டில் இடம்பெற்ற இது, இதுவரை பார்த்தவரை சாதுவான கட்டி. ஒரே சாயத்தை நம்பினால் அந்த நோயாளிக்குக் கேன்சர் என்று எழுதிக் கொடுத்துவிடுவோம். நான் விமென்டின் என்ற புரதத்தையும் சேர்த்துப் பார்ப்பேன். ஆன்கோசைட்டோமா, குரோமோஃபோப் இரண்டிலும் அது பொதுவாகப் பிடிக்காது. பரவலாகப் பிடித்தால் கிளியர் செல், பாப்பிலரி என்ற வேறு சிறுநீரகக் கேன்சர் வகைகளைத் தேட வேண்டும். கிளியர் செல் என்றால் சி.ஏ.9 என்ற இன்னொரு புரதத்துக்கான சாயம் ஒவ்வொரு செல்லையும் சுற்றிக் கட்டம் போட்டதுபோல் பிடிக்கும்.

ஸ்லைடு கைக்கு வந்ததும் நான் முதலில் பார்ப்பது கட்டியை அல்ல. சி.டி.117 ஸ்லைடில் திசுவுக்குள் சிதறிக் கிடக்கும், இயல்பாகவே சி.டி.117 உள்ள மாஸ்ட் செல்கள் (ஒரு வகை நோய் எதிர்ப்புச் செல்கள்) பழுப்பாக இருக்கின்றனவா என்று பார்ப்பேன். சி.கே.7 என்றால் பக்கத்து நல்ல சிறுநீரகத்தின் குழாய்கள். அவற்றிலேயே நிறம் ஏறவில்லை என்றால் அன்றைய சாயமேற்றல் கெட்டுவிட்டது. கட்டியில் பிடிக்கவில்லை என்று எழுத எனக்கு உரிமையில்லை. திரும்பச் செய்யச் சொல்வேன்.

அப்பாவிடமிருந்து மறுபடி திசு எடுக்க வேண்டியதில்லை. முதல் லேபில் ஏற்கெனவே எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைத்த பிளாக் இருக்கும், கேட்டு வாங்குங்கள். கூடவே பழைய ஸ்லைடுகளும் ஸ்கேன் ரிப்போர்ட்டும் வேண்டும், ஏனென்றால் செல்லின் உருவத்தைப் பார்க்காமல் சாயத்தை மட்டும் வைத்து யாரும் முடிவு சொல்லக்கூடாது. பிளாக்கை வெயிலில் நிறுத்திய காரில் வைத்துவிடாதீர்கள், மெழுகு இளகிவிடும்.