‘அயர்’ என்ற சொல்: ரீச்சரிடம் கேட்டவை

கேள்வி (கிளிநொச்சி): ரீச்சர், அயர்வு எண்டா களைப்புத்தானே?

பதில்: களைத்தவருக்கு உடம்பு உளையும், தண்ணீர் கேட்பார். அயர்ந்தவர் ஒன்றும் கேட்க மாட்டார். அசைவு அடங்கி, நித்திரைக்கும் விழிப்புக்கும் நடுவில் கிடப்பார். காலபோக வயலில் பன்றிக்குக் காவல் இருப்பவர் விடியப்புறம் கொட்டிலில் கண்ணயர்கிறாரே, அந்த நிலை. ‘அயர்ந்த நித்திரை’ என்றால் கூப்பிட்டாலும் எழும்பாத நித்திரை. அகராதியின் முதல் பொருளோடு நிற்காதேங்கோ. பக்கத்தில் என்ன சொல் நிற்கிறது என்று பாருங்கோ.

கேள்வி (நெடுங்கேணி): அம்மம்மா மறந்துபோனா “அயத்துப் போனன்” எண்டுவா. பிழையோ?

பதில்: பிழையே இல்லை, பழைய பொருள் அது. திருவாய்மொழியின் முதற்பாட்டில் நம்மாழ்வார் ‘அயர்வறும் அமரர்கள்’ என்கிறார். அந்த அயர்வுக்கு உரைகாரர் மறதி என்று பொருள் கொண்டார்கள். அம்மம்மாவைத் திருத்தாதேங்கோ. அவ பேசப் பேச எழுதி வையுங்கோ, பிறகு கேட்க ஆள் இராது.

கேள்வி (மாங்குளம்): அயர்ச்சியா, அயற்சியா?

பதில்: அயர்ச்சி. தளர், தளர்ச்சி போல. முயல் என்பதில் லகரம் இருப்பதால்தான் முயற்சிக்கு றகரம் வந்தது.

கேள்வி (புதுக்குடியிருப்பு): ரெண்டு மாசமா எனக்கு ஒரே அயர்வு. என்ன செய்யலாம்?

பதில்: இதை என்னிடம் கேட்கக்கூடாது. நாளைக்கே வைத்தியசாலையில் காட்டுங்கோ.

கேள்வி (முல்லைத்தீவு): ‘வெறி அயர்தல்’ எண்டா வெறியாடிக் களைச்சதோ?

பதில்: இல்லை. திருமுருகாற்றுப்படையில் வரும் ‘வெறி அயர் களன்’, முருகனின் பூசாரியான வேலன் வெறியாட்டு என்னும் சாமியாட்டத்தை நிகழ்த்தும் இடம். கண், உடம்பு, மனம் அயர்ந்தால் தளர்ச்சி. வெறி, விழா, விளையாட்டு, விருந்து என்பவற்றை ஒருவர் அயர்ந்தால் அது நடத்துதல், கொண்டாடுதல்.

கேள்வி (ஒட்டுசுட்டான்): ஏற்கேலாது ரீச்சர். உருவாடுறவை கடைசியிலை மயங்கி விழுகினம். களைப்புப் பொருள் அதிலை இருந்துதான் வந்திருக்கும்.

கேள்வி (முல்லைத்தீவு): ஓம், வட்டாப்பளை அம்மன் கோயில் பொங்கலிலை நானும் பாத்தனான்.

பதில்: பார்த்தது உண்மை. அதிலிருந்து சொல் பிறந்தது என்பதற்கு என்ன சான்று? குறள் 1268ஐ எடுங்கோ: ‘மனைகலந்து மாலை அயர்கம் விருந்து.’ வேந்தன் வெல்லட்டும், வீடு சேர்ந்து மாலையில் விருந்து கொண்டாடுவோம் என்கிற ஆசை. இதில் எவர் மயங்கி விழுகிறார்?

கேள்வி (ஒட்டுசுட்டான்): விருந்து சமைக்கிறவையும் களைப்பினம்தானே?

பதில்: அந்த விருந்து இன்னும் நடக்கவே இல்லை, தம்பி. ‘அயர்கம்’ என்பது இனிச் செய்வோம் என்ற சொல். வீட்டை விட்டுப் போர்முனையில் நிற்கிறவருடைய ஏக்கம் முழுவதும் அதற்குள் இருக்கிறது. களைப்பு என்று படித்தால் குறளே செத்துப்போகும். ஒரு பொருளை மற்றதில் கட்டிவிடும் கதைகள் வகுப்பில் நன்றாக எடுபடும். பிள்ளைகள் அதையே சோதனையில் எழுதுவார்கள் என்பதுதான் என் கவலை.

கேள்வி (வவுனியா): ரீச்சர், அயற்சி எண்டு எழுதலாமோ?

பதில்: மாங்குளத்துக்குச் சொன்னதை வாசியுங்கோ.

கேள்வி (பரந்தன்): அப்பாவின்ரை 31ஆம் நாள் நினைவு மலரிலை ‘அயராது உழைத்தவர்’ எண்டு போடலாமோ?

பதில்: போடுங்கோ. தளராமல் என்ற பொருள் சரியாக நிற்கும். அச்சுக்குக் குடுக்கமுதல் ஒருக்கால் எனக்கு அனுப்புங்கோ, எழுத்துப் பிழை பார்த்துத் தருகிறேன்.